பச்சை லைட் எரிகிறது, எட்டரைக்கே வீடு இருட்டு: சோலர் பெற்றரி ஏன் நிரம்புவதில்லை?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல்கணக்கிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டு விடயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

லயத்திலிருந்து தள்ளி, மரக்கறித் தோட்டத்தை ஒட்டிக் கட்டிய வீடு. மின்சார லைன் அங்கே வரவில்லை. 3 வருடங்களுக்கு முன் 100 வாற் பனல் ஒன்று, 10 அம்பியர் பி.டபிள்யூ.எம். கொன்ட்ரோலர் (பனலிலிருந்து பெற்றரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, சாதாரண வகை) ஒன்று, 12 வோல்ற் பெற்றரி ஒன்று வாங்கிப் பூட்டினார்கள். கூரையில் சவுக்கு மர நிழல் விழுவதால் பனலை 18 மீற்றர் தள்ளி, மேட்டில் ஒரு கம்பத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வீட்டுக்கு வருவது 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். நீளம் போதாததால் நடுவில் முறுக்கி டேப் சுற்றிய மூட்டு ஒன்று இருக்கிறது. கொன்ட்ரோலர் இஸ்தோப்புச் சுவரில், எல்லாரும் பார்க்கும்படி. பெற்றரி 4 மீற்றர் தள்ளி குசினிப் பக்கம், அதே வயரில். முதல் பெற்றரி கெட்டுப்போய், 14 மாதங்களுக்கு முன் 100 அம்பியர்-மணி தண்ணீர் பெற்றரி ஒன்றை 18 மாத உத்தரவாதத்துடன் வாங்கினார்கள். 8 மாதங்களுக்கு முன் டீவிக்காக 1000 வாற் இன்வேர்ட்டர் ஒன்றைப் பெற்றரியில் நேரடியாகப் பூட்டினார்கள்.

முன்பு பகல் ஒரு மணிக்கெல்லாம் பச்சை லைட் வந்துவிடும். இப்போது சில நாள் நாலு மணியாகியும் வருவதில்லை. சில நாள் பதினொரு மணிக்கே வந்துவிடுகிறது. எப்படி வந்தாலும் இரவு எட்டரைக்கு இன்வேர்ட்டர் கத்திக்கொண்டு நின்றுவிடுகிறது. மகன் மீற்றர் வைத்துப் பார்த்த கணக்கும் கடிதத்தில் இருக்கிறது: கழற்றிய பனல் வயரில் 21 வோல்ற், பச்சை லைட் எரியும்போது கொன்ட்ரோலரில் 14.3, விடியற்காலை பெற்றரியில் 11.9.

கடை முதலாளி 330 வாற் பெரிய பனல் வாங்கச் சொல்கிறார். உறவினர் ஒருவர் லித்தியம் பெற்றரிக்கு மாறச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், கொன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பனலை நேரடியாகப் பெற்றரியில் கொடுக்கவும், தன்னிடமுள்ள பழைய வேன் பெற்றரியையும் சேர்த்துக்கொள்ளவும் சொல்கிறார். “கையில் ஒரு சாமானுக்குத்தான் காசு இருக்கிறது. எதை வாங்குவது?” என்பதே கேள்வி.

அன்புள்ள சகோதரி,

இந்தக் கிழமை எதையும் வாங்காதீர்கள். உங்கள் மகன் குறித்துவைத்த மூன்று எண்களும் மிகவும் உதவியாக இருந்தன. அவை சொல்வதை வைத்துப் பார்த்தால், பனல் கெட்டுப்போனதற்கு அறிகுறி எதுவும் இல்லை. சந்தேகம் போக வேண்டிய இடங்கள் மூன்று: கொன்ட்ரோலருக்கும் பெற்றரிக்கும் இடையிலுள்ள அந்த 4 மீற்றர், மேட்டிலிருந்து வரும் வயர், நாள் முழுக்க ஓடும் இன்வேர்ட்டர். இந்த மூன்றும் சேர்ந்து பெற்றரியையும் ஓரளவு கெடுத்திருக்கும். எவ்வளவு என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

பச்சை லைட் எதைக் காட்டுகிறது

பச்சை லைட் வந்தால் பெற்றரி நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கொன்ட்ரோலருக்குப் பெற்றரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. தன் முனையில் தெரியும் வோல்ற் மட்டுந்தான் அதற்குத் தெரியும். அது 14.3ஐத் தொட்டால் “போதும்” என்று மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும்.

உங்கள் வீட்டில் அந்த 14.3 பெற்றரியின் வோல்ற் அல்ல. 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்கு மீற்றருக்குச் சுமார் 12 மில்லிஓம் தடை உண்டு. 4 மீற்றர் தூரம் என்றால் போக வர 8 மீற்றர், கிட்டத்தட்ட 0.1 ஓம். 5.5 அம்பியர் ஓடும்போது அதிலேயே அரை வோல்ற் விழுந்துவிடும். பெற்றரி முனையில் பச்சைப் பூப்பு இருந்தால் இன்னும் விழும். கொன்ட்ரோலர் 14.3 என்று காட்டும் நேரத்தில் பெற்றரிக்குக் கிடைப்பது 13.8 அல்லது அதற்கும் குறைவு.

தண்ணீர் பெற்றரி முழுதாக நிரம்ப 25 பாகை வெப்பத்தில் 14.4 வோல்ற்றை மணிக்கணக்காகத் தாங்கி நிற்க வேண்டும். உங்கள் பக்கத்துக் குளிரில், 15 பாகை என்றால், இன்னும் 0.2 முதல் 0.3 வோல்ற் வரை கூடுதலாகத் தேவை. கொழும்பில் சரியாக வேலை செய்யும் அதே கொன்ட்ரோலர் மலையில் பெற்றரியை அரைகுறையாக விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கொன்ட்ரோலரில் பெற்றரி வகை தெரிவு இருந்தால் அது தண்ணீர் பெற்றரிக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜெல் அல்லது லித்தியத்தில் இருந்தால் மாற்றுங்கள்.

பதினொரு மணிக்கே பச்சை வருவது நல்ல செய்தி அல்ல. மாதக்கணக்கில் அரைகுறையாக நிரம்பிய பெற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்று கெட்டியாகப் படிந்துவிடும். படிந்தால் சிறிது மின்சாரம் போனதும் வோல்ற் விறுவிறுவென்று ஏறும். எடுக்கத் தொடங்கியதும் அதே வேகத்தில் இறங்கும். நல்ல வெயில் நாளில் 5 அம்பியர் ஓடும்போது அந்த ஏற்றமும் வயரில் விழும் அரை வோல்ற்றும் சேர்ந்து கொன்ட்ரோலரை ஏமாற்றுகின்றன. மூடுபனி நாளில் ஓடுவதே 1 அம்பியர் என்பதால் அந்த ஏமாற்று வேலை நடப்பதில்லை, நாலு மணியாகியும் பச்சை வருவதில்லை. இரண்டு விதமான நாளும் ஒரே நோயின் அறிகுறிகள்தான்.

21 வோல்ற்றை நம்பாதீர்கள்

பனல் வயரைக் கழற்றி மீற்றர் வைத்து, 21 வோல்ற் வந்தால் “லைன் எல்லாம் சரி” என்று சொல்லிவிடும் பழக்கம் கடைக்காரர்களிடமும் இருக்கிறது. அந்தச் சோதனை வயரைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. மலையிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் எடுப்பவர்களுக்கு இது புரியும். குழாயை மூடியிருக்கும்போது, நடுவில் பாதி அடைபட்ட ஹோஸிலும் அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் அடைப்புத் தெரியும். மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் வயரின் குணம் தெரியும்.

சிலர் பனல் வயரின் இரு முனையையும் மீற்றரின் 10 அம்பியர் துளை வழியே சேர்த்துக் குறுக்கு மின்னோட்டம் பார்ப்பார்கள். 100 வாற் பனலில் நடுப்பகல் வெயிலுக்கு 5.5 முதல் 6 அம்பியர் வரை வரும். பனல் நலமாக இருக்கிறதா என்று அறிய அது நல்ல சோதனை. ஆனால் மெல்லிய வயரை அதுவும் காட்டிக்கொடுக்காது. அந்த நிலையில் பனலுக்கு வேறு சுமை இல்லாததால், வயரில் 2, 3 வோல்ற் விழுந்தாலும் மின்னோட்டம் குறையாது. (அம்பியரில் வைத்த மீற்றரை மறந்தும் பெற்றரி முனைகளில் வைக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். மீற்றர் எரியும், கையும் எரியும்.)

சரியான சோதனை இப்படி. வானம் தெளிந்த ஒரு நாள், காலை 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், பெற்றரி இன்னும் நிரம்பாமல் மின்னோட்டம் நன்றாக ஓடும்போது, மீற்றரை டி.சி. (நேரோட்ட) வோல்ற்றில் வைத்து நான்கு இடங்களில் அளக்க வேண்டும்: பனலுக்குப் பின்னாலுள்ள பெட்டியில், கொன்ட்ரோலரின் பனல் முனைகளில், கொன்ட்ரோலரின் பெற்றரி முனைகளில், கடைசியாகப் பெற்றரியின் ஈயத் தண்டுகளிலேயே. வயரின் லக்கில் (வயர் நுனியிலுள்ள உலோகப் பிடியில்) வைக்காமல் ஈயத்தில் வைப்பது முக்கியம், லக்குக்கும் ஈயத்துக்கும் இடையிலேயே வோல்ற் தொலைவதுண்டு. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேட்டு வயரில் விழுவது. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.1ஐத் தாண்டினால் அங்கே கை வைக்க வேண்டும்.

மேட்டு வயரை அளக்காமலே ஓரளவு கணக்குப் பார்க்கலாம். 18 மீற்றர், போக வர 36 மீற்றர், 0.43 ஓம். 5 அம்பியருக்கு 2 வோல்ற்றுக்கு மேல் விழுகிறது, அந்த முறுக்கிய மூட்டு தனி. உங்கள் பனல் 18 வோல்ற் அளவில்தான் முழு வேலை செய்யும். வெயிலில் சூடேறினால் அது 16.5க்கு இறங்கும். வயரில் 2.2 போனால் மிச்சம் 14.3. பெற்றரி 12.5இல் இருக்கும்வரை இதனால் பெரிய நட்டமில்லை, பி.டபிள்யூ.எம். கொன்ட்ரோலர் அந்த மேலதிக வோல்ற்றை எப்படியும் வீணாக்கத்தான் போகிறது. பெற்றரி 14ஐ நெருங்கும்போதுதான் மின்னோட்டம் சுருங்கிவிடும். “கடைசிக் கட்டம் இழுக்கிறது” என்று நீங்கள் எழுதியிருப்பது இதுதான்.

ஆகவே முதல் வேலை, காசு அதிகம் செலவாகாத வேலை: கொன்ட்ரோலரை இஸ்தோப்பிலிருந்து கழற்றிப் பெற்றரிக்குப் பக்கத்தில் பூட்டுங்கள். இடையில் 1 மீற்றருக்கு மேல் போகாமல் 6 சதுர மில்லிமீற்றர் வயர். நேர் வயரில், பெற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ் ஒன்று. கொன்ட்ரோலரைப் பெற்றரிக்கு நேர் மேலே வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது வரும் அமில ஆவி அதன் உள்ளே அரித்துவிடும். பக்கவாட்டில் ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும்.

அடுத்தது மேட்டு வயர். கொன்ட்ரோலர் நகர்வதால் தூரம் 22 மீற்றர் ஆகும். பழைய 1.5 வயரையே நீட்டினால் 2.6 வோல்ற் விழும், நிலைமை இன்னும் மோசமாகும். 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் 1 வோல்ற், 6 போட்டால் 0.7. பின்னொரு நாள் இரண்டாவது பனல் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 6 போடுவது புத்தி. நடுவில் மூட்டு வேண்டாம். உங்களிடம் உள்ள ஒரு சாமானுக்கான காசை நான் செலவழிப்பதென்றால் இந்த வயருக்குத்தான் செலவழிப்பேன்.

கம்பத்தில் ஏறும்போது இரண்டு விடயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பனலின் கீழ் விளிம்பில் பாசியோ புகைக்கரியோ படிந்திருந்தால் காலையில், கண்ணாடி சூடேறுவதற்கு முன், தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடையுங்கள். சட்டி தேய்க்கும் கம்பி கூடாது. மூன்று வருடத்தில் பக்கத்து மரம் வளர்ந்து, ஒரு கிளையின் நிழல் காலை நேரத்திலாவது விழுகிறதா என்றும் பாருங்கள். 36 கல பனலில் பெரும்பாலும் பாதிக்கொன்றாக, நிழல் பட்ட பாதியைச் சுற்றி மின்னோட்டத்தை விடும் இரண்டு டயோட்டுகள் இருக்கும். ஒரு பாதியில் ஒரே ஒரு கலம் மறைந்தாலும் அந்தப் பாதி ஒதுங்கிவிடும், மிஞ்சுவது 9 வோல்ற், அதைக் கொண்டு 12 வோல்ற் பெற்றரிக்கு ஒன்றும் ஏற்ற முடியாது. உள்ளங்கையளவு நிழல் முழுப் பனலையும் நிறுத்திவிடும். மரம் தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் நீங்களாகவே வெட்டாதீர்கள். மழைக்கு முன் நிழல் மரக் கிளை கழிக்கும் காலத்தில் நிர்வாகத்திடம் கேட்டால் அந்தக் கிளையையும் சேர்த்துக் கழித்துத் தருவார்கள்.

சாய்வு 10 முதல் 15 பாகை போதும், தண்ணீர் வடிவதற்கே அது. உங்கள் இடத்தில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது. தெற்குப் பார்த்து 30 பாகை நிமிர்த்தி வைத்தால், மழை மாதங்களில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சமும் குறையும். பின்னேரம் மூடுபனி இறங்கும் சரிவு என்றால் பனலைச் சற்றுக் கிழக்கே திருப்பி வையுங்கள்.

இன்வேர்ட்டர் தின்னும் கணக்கு

உங்கள் கடிதத்தில் பிரச்சினை தொடங்கிய மாதமும் இன்வேர்ட்டர் வந்த மாதமும் அடுத்தடுத்து வருகின்றன, ஆனால் நீங்கள் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. டீவியை நிறுத்தினால் இன்வேர்ட்டரும் சும்மா இருக்கும் என்று நினைத்திருக்கலாம். ஒன்றும் ஓடாவிட்டாலும் இந்த அளவு இன்வேர்ட்டர் அரை அம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும். 0.6 என்று வைத்தால், டீவி ஓடாத 20 மணித்தியாலத்தில் 12 அம்பியர்-மணி சும்மா போகிறது.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பெற்றரி மொழியில் எழுதிப் பார்ப்போம். 7 வாற் பல்ப் மூன்று, 4 மணித்தியாலம்: சுமார் 7 அம்பியர்-மணி. 30 வாற் டீவி 4 மணித்தியாலம், இன்வேர்ட்டர் வழியே: 11 அல்லது 12. போன்கள் மூன்று: 3. இன்வேர்ட்டர் சும்மா தின்பது: 12. மொத்தம் 34 அளவில் வருகிறது.

வரவு? நல்ல வெயில் நாளில் முழு வெயிலுக்குச் சமமான 4 மணித்தியாலம் கிடைத்தால் 5.5 அம்பியர் வீதம் 22. பெற்றரிக்குள் போய் வரும்போது தொலைவதைக் கழித்தால் 19. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை உங்கள் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும் காலத்தில் அதில் பாதியே கிடைக்கும் நாட்கள் உண்டு. (ஊவாப் பக்கம், பசறை, பதுளையில் இருப்பவர்களுக்கு இது தலைகீழ், அவர்களுக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரைதான் சோதனைக் காலம்.) நாளுக்கு 34 எடுத்து 19 போடும் பெற்றரி எட்டரை வரை நின்றதே அதிகம்.

இன்வேர்ட்டரை டீவி பார்க்கும் நேரத்துக்கு மட்டும் அதன் சுவிட்சில் போட்டு நிறுத்தினால் செலவு 22க்கு இறங்கும். நல்ல நாட்களில் கிட்டத்தட்டச் சரிக்கட்டலாம். போன்களைப் பகல் வெயிலில், கொன்ட்ரோலரின் யூ.எஸ்.பி. துளையிலோ 12 வோல்ற் சார்ஜரிலோ ஏற்றுங்கள். பல்புகள் 12 வோல்ற் எல்.இ.டி.யாக, கொன்ட்ரோலரின் லோட் முனையிலேயே (பல்புகளுக்கு மின்சாரம் கொடுக்கும் முனை) இருக்கட்டும்.

இன்னொரு சேதமும் நடந்திருக்கிறது. லோட் முனையில் உள்ள பல்புகளை, பெற்றரி 11 வோல்ற் அளவுக்கு இறங்கும்போது கொன்ட்ரோலர் தானே துண்டிக்கும். இன்வேர்ட்டர் நேரடியாகப் பெற்றரியில் இருப்பதால் அந்தப் பாதுகாப்பு அதற்கில்லை. அது 10.5இல் கத்தி, 10ஐ ஒட்டித்தான் நிற்கும். தினமும் அதுவரை இறங்கிய பெற்றரியின் ஆயுள் மாதங்களில் முடிந்துவிடும். இதற்காக இன்வேர்ட்டரை லோட் முனைக்கு மாற்றிவிடாதீர்கள். 10 அம்பியர் கொன்ட்ரோலர் அதைத் தாங்காது. அது பெற்றரியிலேயே தடித்த குட்டை வயரும் தனிப் பியூஸும் வைத்து இருக்கட்டும், கத்தும் வரை காத்திராமல் நீங்கள் நிறுத்துங்கள். டீவி ஓடும்போது பெற்றரியில் 11.8 தெரிந்தால் அன்றைக்குப் போதும்.

பெற்றரியில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது

விடியற்காலை 11.9 என்றால் கால் பங்குக்கும் குறைவாகவே இருக்கிறது. எதுவும் ஓடாமல் சில மணித்தியாலம் ஓய்ந்த பெற்றரியில் 12.7 முழுமை, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். இன்வேர்ட்டர் இழுத்துக்கொண்டிருக்கும்போது அளந்திருந்தால் உண்மை நிலை இதைவிடச் சற்று மேலே இருக்கலாம்.

முதலில் மூடிகளைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் மூடுமளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த பெற்றரித் தண்ணீர் விடுங்கள், முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகு குறி வரை நிரப்புங்கள். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் கரைந்த உப்புகள் உண்டு, விடக்கூடாது. அமிலம் ஒருபோதும் ஊற்றாதீர்கள். முனைகளில் பூத்திருந்தால் மூடிகளை மூடிவிட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, உலர்ந்ததும் இறுக்கிப் பூட்டி வாஸ்லின் பூசுங்கள். கையிலுள்ள காப்பு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். அடுப்பும் சிகரட்டும் பக்கத்தில் கூடாது. சார்ஜ் ஏறும் பெற்றரியிலிருந்து ஐதரசன் வரும், குசினிப் பக்கம் என்று எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள இடத்துக்கு அதை மாற்றுவது நல்லது.

பிறகு பெற்றரியை டவுனில் சார்ஜ் போடும் கடைக்குக் கொண்டுபோய், 8 முதல் 10 அம்பியரில் நிதானமாக ஒரு முழு நாள் போடச் சொல்லுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் வேக சார்ஜ் போட்டுத் தருவதை ஏற்காதீர்கள், சல்பேற்றைக் கரைக்க நேரம்தான் மருந்து. எடுக்கும்போது ஹைட்ரோமீற்றரால் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஆறு கலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 1.260க்கு மேல் எல்லாம் ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒரு கலம் மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைந்திருந்தால் அந்தக் கலம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை. வேறு எதையும் பூட்டாமல், வாகன சிக்னலுக்குப் போடும் 21 வாற் பல்ப் ஒன்றை மட்டும் பெற்றரியில் கொடுத்து 10 மணித்தியாலம் எரியவிடுங்கள். அது எடுப்பது 17, 18 அம்பியர்-மணி. நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்து அளந்தால் நல்ல 100 அம்பியர்-மணி பெற்றரியில் 12.5 அளவில் இருக்க வேண்டும். 12.2க்குக் கீழே போயிருந்தால் கொள்ளளவில் பாதிக்கு மேல் போய்விட்டது, எந்தப் பனலும் அதைத் திருத்தாது.

ஆளுக்கொன்று சொன்ன ஆலோசனைகள்

*330 வாற் பனல்.* உங்கள் கொன்ட்ரோலரில் அதைப் பூட்டினால் 330 வாற் கிடைக்காது. இந்தப் பனல்கள் 37 வோல்ற் அளவில் 9 அம்பியர் தருபவை. பி.டபிள்யூ.எம். கொன்ட்ரோலர் பனலைப் பெற்றரியின் வோல்ற்றுக்கு இழுத்துவிடுவதால் கிடைப்பது 9 அம்பியர், 13 வோல்ற், அதாவது 120 வாற்றுக்கும் குறைவு. மூன்றில் இரண்டு பங்குக்குக் காசு கொடுத்து வீணாக்குவதாகும். சுமை இல்லாதபோது அந்தப் பனல் 46 வோல்ற் வரை காட்டும், குளிர்ந்த காலையில் அதற்கும் மேல். கொன்ட்ரோலரில் எழுதியுள்ள உச்ச வரம்பு 25 என்றால் முதல் நாளே எரிந்துவிடும். பெரிய பனல் வேண்டுமென்றால் அதோடு, பனலின் மேலதிக வோல்ற்றை வீணாக்காமல் அம்பியராக மாற்றித் தரும் 30 அம்பியர் எம்.பி.பி.டி. கொன்ட்ரோலரும் வாங்க வேண்டும். பெயரை மட்டும் ஒட்டி விற்கும் போலிகள் நிறைய. சார்ஜ் ஏறும்போது பனல் முனையில் அளந்து பாருங்கள்: 30க்கு மேல் காட்டினால் உண்மையான எம்.பி.பி.டி.; பெற்றரியின் வோல்ற்றையே காட்டினால் ஏமாற்று, அன்றே திருப்பிக் கொடுங்கள்.

அதைவிடச் சிக்கனமான வழி, இப்போதுள்ளது போன்ற இன்னொரு 100 வாற் பனலைச் சமாந்தரமாகச் சேர்த்து, கொன்ட்ரோலரை 20 அம்பியருக்கு மாற்றுவது. 11 அம்பியர் வரும் என்பதால் பழைய 10 போதாது. வயரும் இன்வேர்ட்டர் பழக்கமும் சரியான பிறகும் ஜூன், ஜூலையில் தட்டுப்பாடு இருந்தால் இதைச் செய்யுங்கள். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

*லித்தியம்.* உறவினர் சொன்னதில் உண்மை இருக்கிறது. லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பெற்றரி அரைகுறையாக நிரம்பிக் கிடந்தாலும் கெடாது, கடைசி வரை முழு மின்னோட்டத்தையும் வாங்கிக்கொள்ளும், போய் வரும் நட்டமும் குறைவு. மழைச் சரிவுக்குப் பொருத்தமான பெற்றரிதான். ஆனால் 34 எடுத்து 19 போடும் வீட்டில் அதுவும் எட்டரைக்கே நிற்கும். கொன்ட்ரோலரும் லித்தியத் தெரிவு உள்ளதாக இருக்க வேண்டும். இந்தப் பெற்றரி இயல்பாக ஆயுள் முடியும் நாளில் யோசியுங்கள்.

*கொன்ட்ரோலர் இல்லாமல் நேரடியாக.* வேண்டவே வேண்டாம். வெயில் நாளில் 15, 16 வோல்ற்றுக்கு ஏறித் தண்ணீர் கொதித்து வற்றும், ஐதரசன் குவியும். அந்த அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அவர் வீட்டில் அப்படிப் பூட்டியிருந்தால் அதையும் கழற்றச் சொல்லுங்கள்.

*பழைய வேன் பெற்றரி.* பழையதும் புதியதும் சேர்ந்தால் பழையது புதியதைக் கீழே இழுக்கும். அதுவும் வாகனப் பெற்றரி எஞ்சினை முடுக்கும் சில விநாடிக்காகச் செய்யப்பட்டது, இரவு முழுக்க இறக்கி ஏற்றினால் தாங்காது.

உத்தரவாத அட்டை

18 மாதத்தில் 14 போய்விட்டது. அட்டையை எடுத்து, சோலர் அல்லது இன்வேர்ட்டர் பாவனை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். வாகனப் பெற்றரி என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பாவனையை விலக்கியிருக்கக்கூடும். சோலருக்கு என்று சொல்லி விற்றிருந்து, பில்லிலும் அப்படி இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். “இன்வேர்ட்டர் பூட்டினீர்கள், உத்தரவாதம் இல்லை” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், அட்டையில் எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று கேட்டு, மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், 1977 அவர்களது துரித இலக்கம். பில், அட்டை, ஹைட்ரோமீற்றர் அளவு, பல்ப் சோதனை முடிவு எல்லாவற்றையும் திகதியோடு வைத்திருங்கள்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆறு கலமும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் அது தினமும் ஆழமாக இறக்கியதால் வந்த தேய்வு, அதற்கு மாற்றுப் பெற்றரி கிடைப்பது அரிது. ஒரு கலம் மட்டும் செத்திருந்தால் அது தயாரிப்புக் குறையாக இருக்க நல்ல வாய்ப்புண்டு, விடாமல் கேளுங்கள். காலம் குறைவாக இருப்பதால் வயர் மாற்றும்வரை காத்திராமல் பெற்றரிச் சோதனையை முதலில் முடியுங்கள்.

கழற்றும்போது வரிசை முக்கியம். முதலில் இன்வேர்ட்டரை நிறுத்தி, பிறகு பனல் வயரை, பிறகு பெற்றரியின் எதிர் முனையை, கடைசியில் நேர் முனையை. திரும்பப் பூட்டும்போது பெற்றரி முதலில், பனல் கடைசியில். பெற்றரி இல்லாமல் பனலை மட்டும் கொடுத்தால் கொன்ட்ரோலர் பழுதாகலாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி இறங்கும்போது, மேட்டுக் கம்பத்திலிருந்து வரும் வயரைத் துண்டித்து வைக்க ஓர் ஐசோலேற்றர் சுவிட்ச் இருந்தால் நல்லது. புது வயர் போடும் அன்றே அதையும் சேர்த்துப் பூட்டச் சொல்லுங்கள். டி.சி.க்கு (நேரோட்டத்துக்கு) உரியது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், வீட்டு லைனுக்குப் போடும் சாதாரண சுவிட்ச் இதற்குச் சரிவராது.